சாமுவேல் காட்டிய கணக்கு

மதத் தலைவரின் தூய்மையை எதை வைத்து அளப்பது? பிறப்பை வைத்தா, அவர் உடுத்தும் அங்கியை வைத்தா, மக்களிடம் அவர் நடந்துகொள்ளும் விதத்தை வைத்தா? விவிலியத்தில் இரண்டு அளவுகோல்களும் இருக்கின்றன. லேவியராகமம் 21ஆம் அதிகாரம் ஆரோனின் வம்சத்திலும் உடலில் ஊனமுள்ளவர் பலி செலுத்தக் கூடாது என்கிறது. பிறப்பும் உடலும் தூய்மையின் அளவுகோலானால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 1 சாமுவேல் நூல் வேறொரு அளவுகோலை முன்வைக்கிறது.

இஸ்ரவேலில் அரசர்கள் தோன்றாத காலம். எப்பிராயீம் மலைநாட்டுச் சீலோவில் உடன்படிக்கைப் பெட்டி இருந்தது. அங்கே ஏலி ஆசாரியர். 40 ஆண்டுகள் மக்களுக்கு நியாயம் விசாரித்தவரும் அவரே. அவருடைய மகன்கள் ஓப்னியும் பினெகாசும் பரம்பரை உரிமையில் ஆசாரியர்கள். வம்சத் தகுதியில் ஒரு குறையும் இல்லை.

பலியில் ஆசாரியருக்கு உரிய பங்கைச் சட்டம் வரையறுத்திருந்தது. அது இவர்களுக்குப் போதவில்லை. இறைச்சி வேகும்போதே அவர்களின் வேலையாள் மூன்று கூருள்ள கருவியோடு வந்து, குத்தியதில் சிக்கியதையெல்லாம் எடுத்துப்போனான். கொழுப்பைக் கடவுளுக்கு எரிக்கும் முன்பே பச்சை இறைச்சி கேட்டான். முதலில் கொழுப்பு எரியட்டும் என்று பலி கொண்டுவந்தவர் சொன்னால், பறித்துக்கொள்வேன் என்று மிரட்டினான். சட்டத்தை நினைவூட்டியவர் சாதாரண மனிதர், மீறியவர் ஆசாரியர். கூடார வாசலில் பணிசெய்த பெண்களையும் அந்த இருவரும் விட்டுவைக்கவில்லை.

ஏலிக்கு எல்லாம் தெரியும். மகன்களைக் கண்டித்தார், ஆனால் பதவியிலிருந்து நீக்கவில்லை. கடவுளைவிட மகன்களைப் பெரிதாக மதித்தார், மக்களின் காணிக்கையில் அந்தக் குடும்பம் கொழுத்தது என்பதே அவர்மீதான குற்றச்சாட்டு. பிறகு பெலிஸ்தரோடு நடந்த போரில் மகன்கள் இருவரும் மாண்டார்கள், பெட்டியும் பறிபோனது. செய்தி கேட்ட 98 வயது ஏலி விழுந்து இறந்தார்.

பல நூற்றாண்டுகள் கழித்து எரேமியா எருசலேம் ஆலய வாசலில் நின்றார். அந்நியரையும் அநாதைகளையும் விதவைகளையும் ஒடுக்கிக்கொண்டே, ஆலயம் தங்களைக் காக்கும் என்று நம்பியவர்களிடம், சீலோவுக்கு நேர்ந்ததைப் போய்ப் பாருங்கள் என்றார்.

ஏலியிடம் வளர்ந்த சாமுவேலும் ஒரு தவறு செய்தார். தம் மகன்களை நியாயாதிபதிகளாக அமர்த்தினார். அவர்கள் பெயெர்செபாவில் லஞ்சம் வாங்கினார்கள். மூப்பர்கள் நேரில் வந்து அதை அவர் முகத்துக்கு எதிரே சொன்னார்கள். முதுமையில் அவர் மக்கள் முன் நின்று தம்மைப் பற்றியே விசாரணை கேட்டார். யாருடைய மாட்டையாவது கழுதையையாவது எடுத்தேனா, யாரையாவது ஒடுக்கினேனா, லஞ்சம் வாங்கினேனா, சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்றார். சிறுவயதில் கடவுளின் குரலைக் கேட்டவர் என்ற பெருமையை அவர் அங்கே எடுத்து நீட்டவில்லை. இல்லை என்று சாட்சி சொன்னவர்கள் மக்கள்.

தோழர்களே, தூய்மை பற்றிப் பேசும் எந்தத் தலைவரிடமும் நாம் கேட்க வேண்டிய கணக்கு இதுதான். நம் சங்கங்களின் தலைவர்களும் இதற்கு விலக்கல்ல. நம்ம ஆள் என்று அறைக்குள் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டு, அதே நாற்காலியில் உட்காரவிட்டால் நாமும் ஏலிதான்.