மதுக்கடைக்காரர் வளர்த்த மேசையாட்டம்

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் அரசரையும் வீரரையும் புகழ்வர். மேசை வாங்கிப் போட்டுப் போட்டி நடத்திய மதுக்கடைக்காரரை மறந்துவிடுவர். ஆயினும் ‘ஷஃபிள்போர்டு’ என்னும் மேசையாட்டம் பாமரரிடையே பரவியது பெரிதும் அவராலேயாம்.

ஆட்டம் எளியது. சுமார் 22 அடி நீளமுள்ள வழவழப்பான பலகையின் ஒரு முனையில் நின்று, கனத்த வட்டவில்லைகள் நான்கைக் கையால் தள்ளுதல் வேண்டும். மறுமுனையை எவ்வளவு நெருங்கி நிற்கிறதோ அவ்வளவு மதிப்பு. விளிம்பைக் கடந்து விழுந்தால் ஒன்றுமில்லை. நம் கேரம் ஆட்டக்காரர் இதன் நுட்பத்தை நொடியில் உணர்வர்.

இங்கிலாந்தில் இது பிரபுக்களின் மாளிகைகளில் வழங்கிற்று. எட்டாம் ஹென்றி மன்னர் 1532-இல் இவ்வாட்டத்தில் 9 பவுன் தோற்றதாக அவரது செலவுக் கணக்கே கூறுகின்றது. அவரே 1541-இல் ஒரு சட்டம் இயற்றினார். வில்வித்தை குன்றுகிறதென்று காரணங்காட்டி, பலகையில் நாணயந்தள்ளும் ஆட்டம் முதலியவற்றை அது கண்டித்தது. கைத்தொழிலாளரும் உழவரும் வேலைக்காரரும் கிறிஸ்துமஸ் காலமன்றி அத்தகைய ஆட்டங்களை ஆடலாகாதென விதித்தது. நிலவருவாய் மிகுந்த செல்வருக்கோ விலக்குண்டு! ஆண்டான் ஆடினால் பொழுதுபோக்கு. அடிமை ஆடினால் குற்றம்.

அமெரிக்காவில் இவ்வாட்டம் மதுக்கடை புகுந்தது. அங்கும் சட்டம் துரத்திற்று. 1848-இல் வட கரோலினா உச்ச நீதிமன்றம், இது அதிர்ஷ்டத்தால் வெல்லும் சூதன்று, திறமையால் வெல்லும் ஆட்டமே எனத் தீர்ப்பளித்தது. 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கு நீங்கியபின், கடைக்காரர் பலர் மேசைகளை வாங்கினர். கடைக்கொரு குழு சேர்த்துப் போட்டிகள் நடத்தினர். 1940-களில் ஆட்டம் உச்சமுற்றது. கடைக்காரர் நோக்கம் தருமமன்று. முறைக்குக் காத்திருப்பவன் இன்னொரு கோப்பை வாங்குவான் என்பதே. எனினும் அவரால் விதியும் ஒழுங்கும் நிலைபெற்றன. கூலித்தொழிலாளிக்கும் வெற்றியின் பெருமை கிட்டிற்று.

இனி நம் பேராவை நோக்குவோம். ஈப்போவில் 1906-இல் தோன்றிய எஃப்.எம்.எஸ். மதுவிடுதி தோட்டத்துரைமாரும் சுரங்கத்துரைமாரும் கூடுமிடமாயிற்று. துரைமார் மன்றங்களில் பில்லியர்டு மேசைகள் இருந்தன. பால்மரம் வெட்டியவனுக்கு லயத்தருகே கிடைத்தது யாது? கள்ளுக்கடை! அதன் இலாபத்தில் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்கென ஒதுக்கப்பட்டது. அவன் கூலியையே கள்ளாக ஊற்றி வாங்கி, மிச்சத்தை அவனுக்கே நன்கொடையாக நீட்டுவது என்ன நியாயம்? கெடாவின் ஹார்வர்ட் தோட்டத் தொழிலாளர் 1946-47-இல் தொண்டர் படை திரட்டிக் கள்ளுக்கடையை எதிர்த்தனர். மானமுள்ளோர் அவ்வாறுதான் செய்வர்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, மக்கள் நகரடைந்தனர். சம்சுவும் உடன்வந்தது. வேலை முடிந்தவன் நாலுபேரோடு கூடிச் சிரிக்க ஓரிடம் நாடுவது மனித இயற்கை. அவ்விடத்தை நாம் அமைக்காவிடில் மது விற்பவன் அமைப்பான். அவன் கற்றுத்தந்த பாடத்தைக் கொள்வோம்; அவன் சரக்கைத் தள்ளுவோம். சங்கந்தோறும் ஒரு நல்ல மேசை, குறித்த நாளில் போட்டி, நடுவர், பணயமற்ற பரிசு, பெண்களுக்கும் சமவிடம் ஆகிய இவை போதும். கோப்பையின்றியும் ஆட்டம் நடக்கும் என்பதை நம் இளைஞர் நாட்டுக்குக் காட்டுவாராக!