அத்தம் முதல் திருவோணம் வரை: தோவாளைப் பூச்சந்தையும் தரவு வாசிப்பின் சார்புகளும்

தரவை நம்பி நடக்கும் சந்தைப்படுத்தலில் பிழை பெரும்பாலும் கூட்டிக் கழிப்பதில் நேர்வதில்லை. எதை எதோடு ஒப்பிடுவது என்று தீர்மானிக்கும்போதே அது நேர்ந்துவிடுகிறது. தீர்மானிப்பவருக்கோ முன்கூட்டியே ஓர் எண்ணம் இருக்கிறது. குமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தை இதற்குத் தெளிவான சான்று.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி இது. மாநில எல்லை மாறிய பிறகும் கேரளம் நோக்கிய பூவின் போக்கு மாறவில்லை. ஓணத்தை ஒட்டி, அத்தம் நாள் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள் கேரளத்து முற்றங்களில் அத்தப்பூக் கோலம் இடுகிறார்கள். அதற்குக் கேந்தியும் வாடாமல்லியும் செவ்வந்தியும் அரளியும் உதிரியாக, கிலோக்கணக்கில் வேண்டும். முகூர்த்தத்துக்கும் தலையில் சூடவும் போகிற பிச்சி, மல்லிகையின் கணக்கு வேறு. இரண்டையும் 'பூ' என்ற ஒரே தலைப்பில் கூட்டிவிட்டால் இரண்டின் ஏற்ற இறக்கமும் மறைந்துபோகும்.

நாட்காட்டி அதைவிடப் பெரிய சிக்கல். திருவோணம் 2023-இல் ஆகஸ்ட் 29; 2024-இல் செப்டம்பர் 15. அதாவது அத்தப்பூவின் பத்து நாளும் முதலாண்டில் ஆகஸ்டுக்குள், அடுத்த ஆண்டில் செப்டம்பருக்குள். இரண்டு ஆகஸ்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு உதிரிப்பூவின் தேவை சரிந்துவிட்டதாகவே தோன்றும். 'பிளாஸ்டிக் பூ வந்த பிறகு யார் வாங்குகிறார்கள்?' என்ற எண்ணம் அவருக்கு ஏற்கெனவே இருந்தால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். செப்டம்பரைச் சேர்த்துப் பார்த்தாலும் போதாது. 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவையடுத்து அரசின் ஓணம் வாரக் கொண்டாட்டத்தைக் கேரளம் கைவிட்டது. 2018 வெள்ளத்தின்போதும் அப்படித்தான். இத்தகைய ஆண்டை இயல்பான ஆண்டாகக் கொண்டு சராசரி எடுப்பது தவறு.

ஏற்கெனவே உள்ள எண்ணத்துக்கு ஒத்ததையே தேடும் இந்த மனப்போக்கை உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-இலேயே சோதித்துக் காட்டினார். 2-4-6 என்ற வரிசையைத் தந்து, அதன் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். ஏறுமுகமாக உள்ள எந்த மூன்று எண்களும் பொருந்தும் என்பதுதான் விதி. பெரும்பாலோர் தம் ஊகத்துக்கு ஒத்துவரும் வரிசைகளையே சொல்லிப் பார்த்தனர். ஊகத்தை உடைக்கக்கூடியதைக் கேட்கத் துணியவில்லை.

அப்படியானால் சந்தைக்காரரின் அனுபவத்தை நம்பினால் போதுமா? போதாது என்பதே என் கருத்து. ஓணம் வந்தால் விலை ஏறியே தீரும் என்பதும் ஒரு சார்புதான். திறந்த மனம் என்பது உள்ளூர்க்காரர் சொல்லுக்குத் தலையாட்டுவதில் இல்லை. தரவைத் திறக்குமுன், எந்த எண்ணைக் கண்டால் என் கருத்தைக் கைவிடுவேன் என்று எழுதிவைப்பதில் அது இருக்கிறது. எண்ணை அப்படியே நம்புவதும் போதாது; அது எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும். குமரி மாவட்டத்தில் 82 விழுக்காட்டினர் நகரவாசிகள் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பேரூராட்சிகள் எல்லாமே நகரக் கணக்கில் சேர்வதால் தென்னந்தோப்புகளும் வாழைத்தோட்டங்களும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. கோயம்புத்தூர் போன்ற பெருநகருக்கு வகுத்த விளம்பரத் திட்டத்தை இங்கே அப்படியே இறக்குமுன் இதைப் பார்த்தாக வேண்டும்.

தோவாளையில் செய்யவேண்டியது எளிது. ஆங்கில மாதத்தை விட்டு, அத்தம் முதல் திருவோணம் வரையிலான நாட்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டும். பூவை வகைவாரியாகப் பிரிக்க வேண்டும். பேரிடர் ஆண்டுகளைத் தனியே வைக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் கேந்தியின் விற்பனை ஆண்டுதோறும் இறங்கியே வந்தால், பிளாஸ்டிக் பூ வாதத்தை மீண்டும் எடுத்துச் சோதிக்க வேண்டும், அது வியாபாரிகளுக்கு எவ்வளவு கசந்தாலும்.