கொச்சியில் கட்டிய கப்பலும் ஒரு துத்தநாக வளையமும்

பாய்மரப் படகுக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: காற்று விழுந்துவிட்டால் கரைக்குத் திரும்ப வேண்டாமா? :-)

1970களில் வோல்வோ பென்டா கம்பெனி பரவலாக்கிய ஏற்பாட்டுக்கு செயில்டிரைவ் என்று பெயர். எஞ்சினுக்குக் கீழே படகின் அடியில் ஒரு ஓட்டை. அதன் வழியே ஒரு அலுமினியக் கால் தண்ணீருக்குள் இறங்கும், அதன் கீழ்முனையில் புரொப்பெல்லர். ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒரு ரப்பர். அது கிழிந்தால் படகு மூழ்கும், அதனால் ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கியர் எண்ணெய் பால் காப்பி நிறத்துக்கு வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

இங்கே கொச்சியில் அப்படி ஒரு பழைய படகை வாங்கி வைத்திருக்கிற ஆபீஸ் நண்பருக்கு இதைவிடப் பெரிய கவலை, புரொப்பெல்லர் அருகே மாட்டியிருக்கும் துத்தநாக வளையம். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி. வெண்கல புரொப்பெல்லர் பிழைத்துக்கொள்ளும், அலுமினியக் கால் அரிக்கும். துத்தநாகம் இருந்தால் முதலில் அது கரையும். பாதி கரைந்ததுமே மாற்றிவிட வேண்டும். விட்டால் காலே போய்விடும், அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

இந்த வைத்தியத்துக்கு வயது இருநூறு. பாசியும் மரம் துளைக்கும் புழுவும் அண்டாமல் இருக்க, பிரிட்டிஷ் கடற்படை 1761-ல் அலார்ம் என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்தது. தகடு நன்றாக இருந்தது, கப்பலின் இரும்பு ஆணிகள்தான் அரித்துப்போயின. பிறகு ஆணியையும் செம்புக் கலவையாக மாற்றினார்கள். ஆனால் செம்பும் கடலில் மெல்லக் கரைந்தது. கடற்படை ஹம்ப்ரி டேவியிடம் போனது. 1824-ல் அவர் சொன்ன வழி, செம்போடு கொஞ்சம் இரும்போ துத்தநாகமோ சேர்த்து வைத்தால் செம்பு தப்பிக்கும் என்பது.

அதைச் சோதித்த கப்பல்களில் முக்கியமானது சமாரங். எங்கே கட்டியது தெரியுமா? நம்ம கொச்சியில்! தேக்கில் கட்டி 1822-ல் இறக்கினார்கள். (இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் யாரும் என்னிடம் சொல்லவில்லை.) வார்ப்பிரும்புத் துண்டுகள் பொருத்தி இங்கிலாந்திலிருந்து நோவா ஸ்கோஷியா போய்த் திரும்பியது. செம்பு பத்திரமாக இருந்தது.

அப்புறம்தான் வந்தது சிக்கல். டேவி முறையில் காத்த மற்ற கப்பல்களில் பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டன. கரைகிற செம்புதான் விஷமாக நின்று அவற்றை விரட்டிக்கொண்டிருந்தது. கரைவதை நிறுத்தியதும் விஷமும் நின்றது. கப்பல்கள் வேகம் இழந்தன, பத்திரிகைகள் டேவியைக் கிண்டலடித்தன, சில வருடங்களிலேயே கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால் டேவி மேல் தப்பில்லை. அரிப்பை நிறுத்தத்தான் கேட்டார்கள், அவர் நிறுத்திக் காட்டினார்.

நண்பரின் படகிலும் அதே இழுபறிதான். அடிப்பக்கத்துக்குச் செம்பு கலந்த பெயிண்ட் அடிக்கலாம், அலுமினியக் காலில் அது படவே கூடாது. அதற்குச் செம்பில்லாத தனி பெயிண்ட். மழைக்கு முன் படகைக் கரையேற்றி வளையம் மாற்றப் போகிறார். தேய்ந்த பழையதை என் பையன் இப்போதே கேட்டு வைத்திருக்கிறான், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காம்.