மூட்டுநோயும் படைவீரர் இயலாமை ஓய்வூதியமும்

படைப்பணியின்போது தோன்றிய, அல்லது பணியின் தன்மையால் முற்றிய நோய்க்காகவும் காயத்துக்காகவும் தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு இந்திய அரசு வழங்கும் கூடுதல் தொகை இயலாமை ஓய்வூதியம் எனப்படும். முன்னாள் படைவீரர் வீடுகளில் இது ‘டிசபிலிட்டி பென்ஷன்’ என்றே வழங்குகிறது. ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் வடசென்னைத் துறைமுக, ஆலைப் பகுதியில், படையிலிருந்து நடுவயதிலேயே ஓய்வு பெற்று, 1986இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ வழியாகவோ தனியார் காவல் நிறுவனங்கள் வழியாகவோ வாயிற்காவல் வேலைக்குச் சேர்வோருக்கு, நாள் முழுதும் நின்றாக வேண்டிய அந்த வேலையில் முழங்கால் ஒத்துழைக்காதபோதுதான் இந்த உரிமை நினைவுக்கு வருகிறது.

மூட்டுநோய் என்னும் பொதுப்பெயருக்குள் பல நோய்கள் அடங்கும். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்வதால் வருவது மூட்டுத் தேய்மானம். உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுச் சவ்வையே தாக்குவதால் வருவது முடக்குவாதம். முதுகெலும்புக் கண்ணிகள் நாளடைவில் ஒன்றோடொன்று இறுகிப்போவது தண்டுவட இறுக்க நோய். சுமையோடு நடப்பதும், குதிப்பதும், பனிமலையில் காவல் நிற்பதும் முதல் வகையைத் தூண்டுமென ஏற்கும் படை மருத்துவக் குழுக்கள், மற்ற இரண்டையும் பெரும்பாலும் உடல்வாகு சார்ந்தவை எனத் தள்ளிவிடுகின்றன. குண்டுக்காயத்துக்கு நாளும் இடமும் உண்டு. மூட்டுத் தேய்மானத்துக்கு அவை இல்லை. நோய் எங்கே, எப்போது தொடங்கியது என்று சட்டம் கேட்கும் கேள்விக்கும், ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளரும் நோயின் இயல்புக்கும் இடையிலுள்ள இந்தப் பொருத்தமின்மையே இவ்வகை வழக்குகள் பெருகியதற்கு அடிப்படைக் காரணம்.

தரைப்படைக்கான 1961ஆம் ஆண்டு ஓய்வூதிய ஒழுங்குமுறைகளின் 173ஆவது விதி இரண்டு நிபந்தனைகளை வைத்தது: இயலாமை பணியால் விளைந்ததாகவோ பணியால் மிகைப்பட்டதாகவோ இருக்க வேண்டும், அதன் அளவு 20 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இவ்விரண்டையும் ஓய்வுக்கு முன் கூடும் விடுவிப்பு மருத்துவக் குழு முடிவு செய்கிறது. 1982ஆம் ஆண்டு உரிமை விதிகள் விண்ணப்பதாரருக்குப் பெரிதும் சாதகமாக இருந்தன. படையில் சேர்ந்தபோது நோய்க்குறிப்பு எதுவும் பதியப்படாதவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தவராகவே கொள்ளப்பட வேண்டும் என்றும், மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர்மீது சுமத்தப்படாது என்றும், நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பயன் அவருக்கே என்றும் அவை கூறின. தட்பவெப்பத்தால் பாதிக்கப்படும் நோய்களின் பட்டியலில் மூட்டழற்சியை அவ்விதிகளின் இணைப்பு பெயர் சொல்லியே சேர்த்திருந்தது என்பதும் கருதத்தக்கது. பின்னர் வந்த 2008ஆம் ஆண்டு விதிகள், விடுவிக்கப்பட்டு 15 ஆண்டுகள் கடந்தபின் கோருபவர் தாமே மெய்ப்பிக்க வேண்டும் என இதைச் சற்று இறுக்கின. 2023 செப்டம்பர் 21 முதல் வேறொரு விதித்தொகுப்பு நடைமுறையில் உள்ளது.

விதிகள் இவ்வளவு தாராளமாக இருந்தும், மருத்துவக் குழுவின் படிவத்தில் பலருக்குக் கிடைப்பது ‘பணியால் விளைந்ததுமன்று, மிகைப்பட்டதுமன்று’ என்னும் ஒற்றை வரியே. அதன் ஆங்கிலத் தலைப்பெழுத்துகளைச் சேர்த்து முன்னாள் வீரர்கள் இதை ‘நானா’ என்பர். நோய் அமைதிப் பகுதியில் இருந்தபோது கண்டறியப்பட்டது என்பதே வழக்கமாகத் தரப்படும் காரணம். இது வலுவற்றது, ஏனெனில் கண்டறியப்பட்ட இடம் நோய் தொடங்கிய இடமாகாது, லடாக்கில் தேயத் தொடங்கிய முழங்கால் செகந்திராபாத் எக்ஸ்ரே படத்தில் தெரிய வருவதில் வியப்பில்லை.

உச்ச நீதிமன்றம் இவ்விவகாரத்தில் எப்போதும் ஒரே குரலில் பேசியதில்லை. 2009இல் ஏ.வி. தாமோதரன் வழக்கில் மருத்துவக் குழுவின் கருத்துக்கே முதன்மை தந்த அந்நீதிமன்றம், 2013இல் தரம்வீர் சிங் வழக்கில், காரணம் கூறாத மருத்துவக் கருத்து செல்லாது என்றும், சேர்ந்தபோது குறிப்பு இல்லையெனில் நோய் பணியில் எழுந்ததாகவே கொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அது வலிப்பு நோய் பற்றிய வழக்கே எனினும், மூட்டுநோய் வழக்குகள் இன்றுவரை சாய்ந்து நிற்கும் தூண் அதுதான். 2014இல் ராம் அவதார் வழக்கு, பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றோருக்கும் விழுக்காட்டை உயர்த்திக் கணக்கிடும் சலுகையை உறுதி செய்தது. இச்சலுகையின்படி 20 முதல் 50க்குக் குறைவாக உள்ள இயலாமை 50 எனக் கொள்ளப்படும். முழு இயலாமைக்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு என்னும் வீதத்தில், 40,000 ரூபாய் ஊதியம் பெற்றவருக்கு 20 விழுக்காட்டு இயலாமைக்கு மாதம் 2,400 ரூபாயும், அது 50 ஆகக் கொள்ளப்பட்டால் 6,000 ரூபாயும் சேரும்.

கோரிக்கை மறுக்கப்பட்டவர் ஆணை கிடைத்த ஆறு மாதங்களுக்குள் முதல் மேல்முறையீட்டுக் குழுவையும், அதன்பின் இரண்டாவது குழுவையும் அணுகலாம். அவையும் மறுத்தால், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து 2009 முதல் இயங்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனு செய்யலாம். தீர்ப்பாய ஆணைகளை உயர் நீதிமன்றங்கள் ஆராய முடியுமா என்பதில் 2015இல் எழுந்த தடை, 2023இல் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் நீங்கியது.

நடைமுறையில் இவ்வழக்குகளை வெல்ல வைப்பவை வாதங்களைவிடத் தாள்களே. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவரின் பணிப்பதிவு வெலிங்டனிலும், பொறியாளர் படையின் மெட்ராஸ் பிரிவில் இருந்தவருடையது பெங்களூரிலும் இருக்கும். மருத்துவக் குழு நடவடிக்கைகளின் நகலை அந்தப் பதிவு அலுவலகத்திடமிருந்து பெற 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் உதவுகிறது. பணியில் இருந்தபோது முழங்கால் வலிக்கென ராணுவ மருத்துவமனையில் பதிவான ஒரு சீட்டு, ஓய்வுக்குப்பின் ராயபுரத்தில் எடுத்த பத்து எக்ஸ்ரே படங்களைவிட எடை மிக்கது. திருவொற்றியூர் வட்டம் 2018இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியதால், அப்பகுதியினரின் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் மாறியது. எண்ணூரிலிருந்து பரிசோதனைக்காகப் பரங்கிமலை ராணுவ மருத்துவமனைக்குச் செல்பவர், மின்ரயிலில் சென்ட்ரல் வந்து, பூங்கா நிலையத்துக்கு நடந்து, வண்டி மாறி நகரின் மறுகோடிக்குப் போக வேண்டும். மூட்டுநோயாளிக்கு அவ்வழியின் படிக்கட்டுகளே ஒரு பரிசோதனைதான்.

நோயைப் பணியோடு இணைத்துக் காட்டும் சிக்கல் பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில், விடுவிக்கப்பட்ட ஓராண்டுக்குள் மூட்டழற்சி குறிப்பிட்ட அளவு வெளிப்பட்டால் அது பணியால் வந்ததாகவே கொள்ளப்படும். அதற்குப்பின் வெளிப்பட்டால் தொடர்பைக் காட்டியாக வேண்டும்.

வடசென்னையில் சீருடை அணிந்த எல்லோருக்கும் இவ்வழி திறந்திருக்கவில்லை. கடலோரக் காவல் படையினரும், துறைமுகங்களைக் காக்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வரமாட்டார்கள். சரக்கு ஏற்றி இறக்கிய தொழிலாளியின் நிலை இன்னும் கடினமானது. தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலுள்ள தொழில்நோய்களுக்கு மட்டுமே பணியால் வந்தவை என்னும் முன்னனுமானம் உண்டு. சுமை தூக்கியதால் வரும் மூட்டுத் தேய்மானம் அதில் இடம்பெறவில்லை. பட்டியலில் இல்லாத நோய் குறிப்பிட்ட ஒரு விபத்துக் காயத்தின் நேரடி விளைவு எனக் காட்டினால் அன்றி இழப்பீடு இல்லை. ஒரே துறைமுகத்தில் வாயிலில் நிற்கும் முன்னாள் படைவீரரின் முழங்காலுக்குச் சட்டம் தரும் ஐயத்தின் பயன், உள்ளே மூட்டை சுமந்தவரின் முழங்காலுக்குத் தரப்படவில்லை.