காரீயம் என்னும் பெயர்

கிரேக்கர் ஈயத்தை மொலிப்டோஸ் என்றனர். ஈயத்தின் தாதுக்களை மட்டுமன்றி, ஈயம் போலவே கறுத்து, மென்மையாகி, விரலிலும் தாளிலும் கறை பதிக்கும் வேறு கனிமங்களையும் அச்சொல்லின் வழிவந்த நாமங்களாலேயே பிற்கால ஐரோப்பியர் வழங்கினர். இலத்தீனில் ஈயத்துக்குரிய பிளம்பம் என்பதினின்று பிறந்த பிளம்பாகோவும் அவ்வகையினதே. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கம்பர்லந்து மலைநாட்டிலுள்ள பாரோடேலில் வெட்டியெடுக்கப்பட்ட கரும்பொருளைச் சனங்கள் கரிய ஈயம் என்றனர். 1565இல் மரப்பிடியில் செருகிய எழுதுகோலை வருணித்த கொன்ராட் கெஸ்னரும் அதனை ஒருவகை ஈயமென்றே கொண்டார். ஸ்பரிசமும் வர்ணமுமே பிரமாணமாக நின்ற காலத்தில் அவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது.

சுவீடன் நாட்டுக் கியோப்பிங் நகரில் மருந்துக்கடை நடத்திய கார்ல் வில்ஹெல்ம் ஷீலேதான் இம்மயக்கத்தைத் தீர்த்தவர். மொலிப்டேனா எனப்பட்ட தாதுவை அவர் 1778இல் நைட்ரிக் அமிலத்தில் இட்டபோது வெண்ணிறத் தூள் ஒன்று மிஞ்சிற்று. கரிய ஈயம் எனப்பட்ட பிளம்பாகோவோ அவ்வாறு மாறவில்லை. மறு ஆண்டில் அதனை வெடியுப்போடு சேர்த்து எரித்தபோது, கரியை எரித்தால் எழும் அதே வாயு எழுந்தது. ஒன்றில் அறியப்படாத உலோகம் ஒளிந்திருந்தது, மற்றது வெறும் கரி, இரண்டிலும் ஈயம் அணுவளவும் இல்லை என்பது இவ்வாறு துலங்கிற்று. இவ்விரண்டின் அணுக்களும் ஏடுகளாக அடுக்கப்பட்டு ஒன்றன்மேலொன்று வழுக்குவதே அவை கறை பதிப்பதற்குக் காரணம் என்பதைப் பிற்காலமே அறிந்தது. ஆயினும் முன்னதன் எடை பின்னதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பதை, கையில் எடுத்துப் பார்த்தோர் எத்தனையோ தலைமுறையாகப் பொருட்படுத்தாதது எனக்கு இன்றும் வியப்பே.

1781இல் ஹியெல்ம் என்னும் வேதியியலாளர் அவ்வுலோகத்தைப் பிரித்தெடுத்தார். ஈயமில்லாத அதற்கு மொலிப்டினம் என்று ஈயத்தின் பெயரே நிலைத்தது. கரிக்கோ, எழுதுதல் என்னும் கிரேக்க வினையினின்று 1789இல் கனிமவியலாளர் வெர்னர் கிராபைட் என்னும் புதுப்பெயர் அமைத்தார். எனினும் வணிகர் பழம்பெயரை விடவில்லை: உலோகம் உருக்கும் மூசைகளுக்கென இலங்கையினின்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறிய கிராபைட், பிளம்பாகோ என்னும் நாமத்திலேயே சென்றது.

நம் மொழியிலும் இவ்வழக்கின் சாயல் உண்டு. உரோமர் தகரத்தை வெள்ளை ஈயமென்றும் ஈயத்தைக் கரிய ஈயமென்றும் பிரித்ததுபோல், தமிழரும் வெள்ளீயம், காரீயம் என்றனர். ஆனால் இலங்கைத் தமிழில் காரீயம் என்பது போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் தோண்டும் கிராபைட்டையே சுட்டுகிறது. ஆதலின் அகராதி தொகுப்போர் அப்பதத்துக்கு ஈயம் என்று மட்டும் பொருளெழுதி நிறுத்தாமல், இலங்கை வழக்கையும் தேசம் சுட்டிப் பதிவு செய்தல் வேண்டும்.