வலிப்பு மாத்திரை சாப்பிடும் நாயா? ரத்தத்தையும் கவனியுங்கள்

தோட்டக் காவலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் வளர்க்கும் நாய்க்கு வலிப்பு நோய் உறுதியானால், கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தருவது பீனோபார்பிட்டால் மாத்திரை. 12 மணி நேர இடைவெளியில் தினம் இருவேளை, அநேகமாக ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் நாய் தூங்கி வழியும், நடை தள்ளாடும். பசி, தாகம், சிறுநீர் மூன்றும் கூடும். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. ஒரு சில நாய்களில் இம்மருந்து ரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. சரியான அளவில் கொடுத்தாலும் வரலாம். எந்த நாய்க்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் தலைகாட்டும். சிவப்பணு குறைந்தால் ஈறு வெளுக்கும், நாய் சோர்ந்து படுக்கும், சற்று ஓடினாலே மூச்சு வாங்கும். வெள்ளையணு குறைந்தால் காய்ச்சல் வரும், புண் ஆறாது. தட்டணு குறைந்தால் மூக்கில் ரத்தம் வடியும். ஈறிலும் அடிவயிற்றுத் தோலிலும் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். கறுத்த ஈறுள்ள நாய் என்றால் கண் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

நம் ஊரில் ஒரு குழப்பம் உண்டு. உண்ணிக் காய்ச்சலிலும் இதே அறிகுறிகள் வரும். "உண்ணிதான் காரணம்" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். நாய் வலிப்பு மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையும் கொடுக்க வேண்டாம். அது நாயின் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும்.

இன்னொன்று, இதுதான் மிக முக்கியம். ரத்தம் குறைகிறதே என்று மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து நாய் இறந்துபோகலாம். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அவர் பொட்டாசியம் புரோமைடு, லெவிடிரசெட்டம் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார். சீக்கிரம் கண்டுபிடித்து மாற்றினால் பெரும்பாலான நாய்களுக்கு அணுக்களின் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

மாத்திரை தொடங்கும் முன்பே ஒருமுறை ரத்த அணுக்களையும் ஈரலின் நிலையையும் பரிசோதித்து, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு ஒப்பிட அதுதான் உதவும். முதல் ஆறு மாதங்களில் மருத்துவர் சொல்லும் நாட்களிலும், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பரிசோதனை தேவை. உள்ளூர் மருந்தகத்தில் வசதி இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுகலாம். போகும்போது மாத்திரை அட்டையையும் வலிப்பு வந்த தேதிகளையும் எடுத்துச் செல்லுங்கள்.