ரொறன்ரோ அசைபடங்களில் பாத்திர, உயிரின வடிவமைப்பு

அசைபடத்தில் நடமாடும் மனிதர், விலங்கு, கற்பனை உயிரினம் ஆகியவற்றின் உருவத்தையும் அளவையும் நிறத்தையும் அசையும் விதத்தையும் படம் தொடங்குமுன் முடிவுசெய்து கொடுக்கும் கலை பாத்திர வடிவமைப்பு. ஒன்ராறியோ மாகாணத் தலைநகரான ரொறன்ரோவில் இதற்கு 1970களிலிருந்து அறுபடாத தொழில்வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் புரட்டுபவருக்கு முதலில் உறுத்தும் செய்தி ஒன்று: இந்நகரில் வரையப்பட்டு உலகெங்கும் சென்ற உருவங்களில் பெரும்பாலானவை இங்கே பிறந்தவை அல்ல. கேர் பேர்ஸ் கரடிகள் அமெரிக்க வாழ்த்தட்டை நிறுவனம் ஒன்றின் சொத்தாக இருந்தவை. ஸ்டார் வார்ஸ் கதையுலகின் ஈவோக்குகள் லூகாஸ்ஃபிலிமின் சொத்து. பாபர் யானை பிரெஞ்சுப் படநூல்களிலிருந்து வந்தது. கூலிக்கு வரைந்த ஊர் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பிறர் படைத்த உருவத்தை நூறு கைகள் பிசகாமல் வரையும்படி ஆக்கித்தரும் அந்த வேலைதான் ரொறன்ரோவின் வடிவமைப்பறிவை உருவாக்கியது. முதலில் அது காகிதத்தில் இருந்தது, பிறகு கணினிக்குள் போனது.

இதை விளங்கிக்கொள்ள மாடல் ஷீட் எனும் மாதிரித் தாளிலிருந்து தொடங்க வேண்டும். திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. இரண்டு சட்டகத்துக்கு ஒரு படம் என்று சிக்கனமாக வரைந்தாலும், 70 நிமிடப் படத்தில் ஒரே ஒரு பாத்திரம் இடைவிடாமல் அசைந்தால் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் தேவைப்படும். ஒருவர் வரைந்து தீராது. ஆகவே பாத்திரம் முன்னிருந்து, பக்கவாட்டில், முக்கால் திருப்பத்தில், பின்னிருந்து எப்படித் தெரியும், உடல் எத்தனை தலை உயரம், விரல்கள் நான்கா ஐந்தா, ஒவ்வொரு ஒலிக்கும் வாய் எப்படித் திறக்கும் என்பவற்றையெல்லாம் ஒரு தாளில் வரைந்து எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். கோடுபோட்ட சட்டை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தக் கோடுகளை ஒவ்வொரு படத்திலும் திரும்ப வரையவேண்டிய ஓவியருக்கு அது தண்டனை. முதல் ஓவியத்தை வடிவமைப்பு என்றும் மாதிரித் தாளை நகலெடுப்பு என்றும் பிரித்துப் பேசுவோர் உண்டு. அந்தப் பிரிவினை தாளோடு நிற்கும் ஓவியத்துக்குப் பொருந்தலாம்; அசைந்தாக வேண்டிய உருவத்துக்கு, எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்ற தீர்ப்பு மாதிரித் தாளில்தான் வழங்கப்படுகிறது.

ரொறன்ரோவில் இந்தத் தொழிலை நிலைநாட்டியது நெல்வானா நிறுவனம். மைக்கேல் ஹெர்ஷ், பட்ரிக் லூபேர், கிளைவ் ஸ்மித் ஆகிய மூவர் அதை 1971இல் தொடங்கினர். பெயரைத் தந்தவளே ஒரு வரையப்பட்ட பாத்திரம். இரண்டாம் உலகப்போரின்போது அந்நியச் செலாவணியைச் சேமிக்கக் கனடா அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்களின் இறக்குமதியைத் தடுத்தது. அந்த வெற்றிடத்தில் ரொறன்ரோ ஓவியர் ஏட்ரியன் டிங்கிள் 1941இல் படைத்த வடதுருவ வீராங்கனைதான் நெல்வானா. போர் முடிந்து அமெரிக்க இதழ்கள் திரும்பி வந்ததும் அந்தக் கனேடியச் சித்திரக்கதை உலகம் சில ஆண்டுகளில் மடிந்தது. அதை மீட்டு ஹெர்ஷும் லூபேரும் 1971இல் ஒரு நூலாகவே வெளியிட்டனர். சொந்தப் பாத்திரம் என்பது சந்தை அனுமதிக்கும்வரைதான் உயிர்வாழும் என்ற பாடம் நிறுவனத்தின் பெயரிலேயே ஏறியிருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

1978 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளியான ஸ்டார் வார்ஸ் விடுமுறைச் சிறப்பு நிகழ்ச்சியை இன்று யாரும் புகழ்வதில்லை. ஸ்டார் வார்ஸைப் படைத்த ஜார்ஜ் லூகாஸே புகழ்வதில்லை. ஆனால் அதற்குள் நெல்வானா செய்த சிறு அசைபடப் பகுதி வரலாற்றில் நின்றுவிட்டது. போபா ஃபெட் என்ற கூலி வேட்டையன் திரைக்கு வந்தது அதில்தான். 1980இல் வந்த அடுத்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு முன்பே. கவசத்தின் தோற்றத்தை ஜோ ஜான்ஸ்டனும் ரால்ஃப் மெக்குவாரியும் அமெரிக்காவில் உருவாக்கியிருந்தனர். நெல்வானா கலைஞர்களுக்குக் கிடைத்தது அந்த உடையின் மாதிரியைப் படம்பிடித்த காட்சிகள். பிரெஞ்சு ஓவியர் மோபியஸின் பாணியில் வேண்டும் என்றார் லூகாஸ். கனத்த கவசத்தைச் சில கோடுகளாகவும் தட்டையான சில நிறங்களாகவும் குறைத்து, நீண்டு நெளியும் உடலோடு அதை அசைய வைத்தார்கள். அப்பகுதியில் போபா ஃபெட் ஏந்திவரும் கவட்டை முனைத் துப்பாக்கி, 41 ஆண்டுகள் கழித்து 2019இல் மாண்டலோரியன் தொடரின் நாயகன் கையில் திரும்ப வந்தது. இரவல் உருவம் என்பதால் அதில் வடிவமைப்பே நிகழவில்லை என்று வாதிடுவோருக்கு இந்தத் துப்பாக்கி ஒன்றே போதும்.

பிறர் உருவங்களை விட்டுச் சொந்த உருவங்களோடு நெல்வானா பந்தயம் கட்டிய படம் 1983இல் முடிந்த ராக் அண்ட் ரூல். போரில் மனித இனம் அழிந்தபின் நாய், பூனை, எலிகளிலிருந்து பரிணமித்த உயிரினங்களின் உலகம் அது; டெபி ஹேரி, லூ ரீட், இக்கி பாப் ஆகியோரின் பாடல்கள்; மாக் என்ற ராக் பாடகன் வில்லன். அமெரிக்க விநியோக நிறுவனம் படத்தைச் சரியாக வெளியிடவில்லை. நெல்வானா திவாலின் விளிம்புவரை சென்றது. குற்றமெல்லாம் விநியோகத்தின் மீதே என்று படத்தின் அன்பர்கள் சொல்வதுண்டு. பெருமளவு உண்மைதான், சிறிய வெளியீட்டில் எந்தப் படமும் தன்னை நிரூபிக்க முடியாது. ஆயினும் வடிவமைப்பிலும் ஒரு தயக்கம் இருக்கிறது. உதடு பெருத்து, முகம் முழுக்க மடிப்புகளோடு வரும் மாக் மறக்கமுடியாத உருவம். கதாநாயகனும் நாயகியுமோ நாய்மூக்கு ஒட்டிய மனித முகங்களாகவே நிற்கிறார்கள். அவர்களுடைய விலங்கு மூதாதையர் தொடக்க விளக்கத்தில் இருக்கிறார்களே தவிர நடையிலும் உடலிலும் அதிகம் இல்லை. உயிரின வடிவமைப்பில் இது சிறு குறையன்று.

நிறுவனத்தைக் காப்பாற்றியது 1985இல் ஆர்னா செல்ஸ்னிக் இயக்கிய கேர் பேர்ஸ் திரைப்படம். வாழ்த்தட்டைக்காக எலீனா குச்சாரிக் வரைந்து, பிறகு பொம்மையாக விற்பனைக்கு வந்த கரடிகள் அவை. தொடக்கத்தில் இருந்த பத்துக் கரடிகளுக்கும் உடல் ஏறக்குறைய ஒன்றே; வேறுபடுத்துவன நிறமும் வயிற்றில் உள்ள சின்னமும் மட்டுமே. மஞ்சள் கரடிக்குச் சூரியன், சிடுமூஞ்சி நீலக் கரடிக்கு மழைமேகம். கலைநயம் தேடுவோர் முகம் சுளிக்கும் ஏற்பாடு. ஆனால் இந்தப் படத்தின் அசைவூட்ட வேலையில் ஒரு பகுதி தைவானிலும் தென்கொரியாவிலும் நடந்தது. மொழியும் பயிற்சியும் வேறான கூடங்களில் ஒரே கரடி ஒரே கரடியாக வந்து சேரவேண்டுமென்றால் அத்தகைய எளிமை பெரும்பலம். அதே ஆண்டில் ஈவோக்குகளும் டிராய்டுகளும் தொலைக்காட்சித் தொடர்களாயின; 1989இல் பாபர் வந்தது; 1995இல் மொரீஸ் சென்டாக் வரைந்த குட்டிக் கரடி வந்தது. இவற்றில் பாபரும் குட்டிக் கரடியும் கடினமான பணி. படநூல் ஓவியருடைய கைக்கோட்டின் மென்மையை இழக்காமல் அதைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும். உள்ளூரிலேயே பிறந்த உருவம் ஃபிராங்க்ளின் ஆமை. போலெட் பூர்ஷ்வா எழுதி பிரெண்டா கிளார்க் வரைந்து, 1986இல் ரொறன்ரோவின் கிட்ஸ் கேன் பதிப்பகம் வெளியிட்ட நூலில் தோன்றி, 1997இல் தொடரானது.

பொம்மைக் கடைக்காக வடிவமைக்கப்படும் உருவத்தைக் கலை என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வி இங்கே தவிர்க்கமுடியாதது. 2013இல் தொடங்கிய பா பட்ரோல் அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. பிரிட்டனைச் சேர்ந்த கீத் சாப்மனின் கற்பனை அது. அதைத் தயாரித்த ஸ்பின் மாஸ்டர் ரொறன்ரோவின் பொம்மை நிறுவனம். அசைவூட்டியது அதே நகரின் குரு ஸ்டூடியோ. ஒவ்வொரு நாய்க்குட்டிக்கும் ஒரு தொழில், ஒரு நிறம், ஒரு வண்டி, மூன்றும் விற்பனைக்கு. வணிக நோக்கம் வடிவமைப்பைக் குறுக்குகிறது என்பதை மறுக்கமுடியாது. ஆனால் மூன்று வயதுக் குழந்தை திரையின் மூலையில் ஓடும் நிழலுருவை வைத்தே எந்த நாய் என்று சொல்லிவிடுகிறது. நிழலுருவிலேயே அடையாளம் தெரியவேண்டும் என்பது இந்தத் துறையின் பழைய விதி. வணிகம் அந்த விதியை மீறவில்லை. அதற்குமேல் எதையும் கேட்காமல் நின்றுகொண்டது.

காகிதத்திலிருந்து கணினிக்கு நகர்ந்தபோது ரொறன்ரோவின் பழக்கம் உலகத்தின் பழக்கமாயிற்று. முப்பரிமாணப் பாத்திரத்துக்கு மாதிரித் தாளின் இடத்தில் ரிக் வருகிறது: கணினி உருவத்துக்குள் பொருத்தப்படும் எலும்புக்கூடும், அதை இயக்கும் கைப்பிடிகளும். முழங்கை எவ்வளவு மடங்கும், புருவம் எவ்வளவு உயரும் என்பதை ரிக் வரையறுக்கிறது. ஆகவே அதைக் கட்டுபவரும் வடிவமைப்பாளரே. 1983இல் ரொறன்ரோவில் தொடங்கிய அலையஸ் நிறுவனம் 1998இல் மாயா மென்பொருளை வெளியிட்டது. 1987இல் இதே நகரில் எழுந்த சைட் எஃபெக்ட்ஸ் நிறுவனம் ஹூடினியைத் தந்தது. இரண்டும் ஹாலிவுட் அசைபடங்களின் அன்றாடக் கருவிகள். 1960களின் இறுதியிலிருந்து நகருக்கு மேற்கே ஓக்வில்லில் அசைவூட்டம் கற்பிக்கும் ஷெரிடன் கல்லூரி ஆட்களைத் தந்தது. ஜுராசிக் பார்க்கின் (1993) டைரனோசாரைக் கணினியில் கட்டி அசைத்தவர்களுள் முதன்மையான ஸ்டீவ் வில்லியம்ஸ் ரொறன்ரோக்காரர், ஷெரிடனில் படித்தவர், அலையஸில் வேலைபார்த்தவர். விலங்கின் தோற்றத்தை வரைந்தது கலிபோர்னியாவின் ஸ்டான் வின்ஸ்டன் கூடம். அதன் எடையை ஒவ்வொரு அடியிலும் நம்மை உணரவைத்தது வில்லியம்ஸ் குழுவின் உழைப்பு.

பிறர் உருவங்களை வரைந்தே ரொறன்ரோவின் வடிவமைப்பறிவு வளர்ந்தது என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு, கிறிஸ் லாண்ட்ரெத் இயக்கி 2005இல் ஆஸ்கர் வென்ற ரயன் குறும்படம். கனேடியத் திரைப்பட வாரியத்தில் ஒளிர்ந்து, பிறகு மொன்றியல் தெருக்களில் பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்த அசைபடக் கலைஞர் ரயன் லார்கினைப் பற்றியது அது. லார்கினின் தலையில் பாதி இல்லை. மனத்தின் சேதம் முகத்தில் ஓட்டைகளாகவும் அறுந்த நரம்புகளாகவும் தெரிகிறது. இது எந்த வாடிக்கையாளரும் கேட்டு வரைந்த உருவமன்று. ஒரு படைப்பாளியின் தனிப்பார்வை. ஒப்புக்கொள்ளவேண்டியதுதான். ஆனாலும் அந்தப் பார்வை எங்கே சாத்தியமாயிற்று என்று பார்க்கவேண்டும். லாண்ட்ரெத் அலையஸில் மென்பொருளைச் சோதிக்கும் கலைஞராக இருந்தவர். படம் ரொறன்ரோவின் செனெகா கல்லூரியில் உருவாயிற்று. அதன் மென்பொருள் ஆய்வை நடத்தியவர் சென்னை ஐஐடியில் பயின்ற, ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கரன் சிங். பாதித் தலையுள்ள முகம் பேசவும் சிரிக்கவும் வேண்டுமென்றால் அந்த ஓட்டைக்கும் ஓர் எலும்புக்கூடு தேவை. தனிமனிதக் கற்பனையும் கூட்டுக்கைத் தொழிலும் எதிரெதிர் என்ற எண்ணத்தை ரயன் உடைக்கிறது. லாண்ட்ரெத்தும் சிங்கும் வேறு சிலரோடு சேர்ந்து பின்னர் உருவாக்கிய ஜாலி என்ற உதடசைவு முறை 2020இல் சைபர்பங்க் 2077 விளையாட்டின் பாத்திரங்களைப் பேசவைத்தது.

2022இல் வந்த பிக்ஸாரின் டர்னிங் ரெட் இந்த வரலாற்றின் அடுத்த கட்டம். இயக்குநர் டோமி ஷீ சீனாவில் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்தவர், ஷெரிடன் பட்டதாரி. கதை 2002ஆம் ஆண்டு ரொறன்ரோவில் நடக்கிறது. பதின்மூன்று வயது மெய் உணர்ச்சி மிகும்போதெல்லாம் சிவப்புப் பாண்டாவாகிறாள். ராக் அண்ட் ரூலில் கைகூடாதது இங்கே கைகூடியது. பாண்டாவின் பருத்த உடலும் நிற்காத வாலும் பருவ வயதின் கூச்சத்தைத் தாமே சொல்லிவிடுகின்றன. மெய்யின் தோழி பிரியா மங்கலுக்குக் குரல் கொடுத்தவர் மிஸ்ஸிசாகாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். படம் உருவானது கலிபோர்னியாவில், உரிமை டிஸ்னியிடம். கல்லூரியும் மென்பொருளும் தேர்ந்த கைகளும் ரொறன்ரோவில் குறைவின்றி இருக்கின்றன. வரையும் உருவங்களைச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் மூலதனம்தான் இன்னமும் பெரும்பாலும் வெளியே இருக்கிறது.